‘இரண்டு நாளில் மெத்தெண்டு ஆக்கித் தாறம்’ என்று கடையில் சொன்னால் சைக்கிள் தோல் சீற்றைக் கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய றலி, ஹம்பர் சைக்கிள்களைக் கழுவித் துடைத்துப் பத்திரமாக வைத்திருக்கும் ஆட்கள் இன்னும் நிறையப் பேர். லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகள் அப்பாவுக்கென்று புதுத் தோல் சீற் வாங்கி அனுப்புவதும் உண்டு. அவர்கள் எல்லோரும் இதைக் கட்டாயம் வாசிக்கவேண்டும். புதுத் தோல் சீற்றைக் காசு வாங்கிக்கொண்டு ‘பதமாக்கித் தரும்’ வேலை, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பக்கம் ஒரு கடையில் நடக்கிறது. அங்கே கொடுத்த சீற் ஒன்று முற்றாகப் பாழாகித் திரும்பி வந்திருக்கிறது.

அது இங்கிலாந்தின் புரூக்ஸ் நிறுவனத்தின் பி66 வகைச் சீற். பின்னால் இரட்டைச் சுருள் ஸ்பிரிங் உள்ள, பழைய உயரச் சைக்கிள்களுக்கென்றே செய்யப்படும் அகலமான சீற். புத்தம் புதிது, தேன் நிறம். புதிதாக இருக்கும்போது இந்தச் சீற் பலகை போல் விறைப்பாகத்தான் இருக்கும். இருந்து ஓட்டினால் நோகிறது என்று சொந்தக்காரர் கடையில் கேட்க, “ரெண்டு நாளைக்கு விட்டுட்டுப் போங்க காக்கா, மெத்தெண்டு ஆக்கித் தாறன்” என்றிருக்கிறார்கள். காசு முன்கூட்டியே வாங்கியாயிற்று. பற்றுச்சீட்டு இல்லை.

திரும்பி வந்த சீற் கறுப்பு. பெருவிரலால் அமத்தினால் அப்படியே உள்ளே போகும். முதல் கிழமை ஓட்டியவருக்கு நல்ல சுகம். பிறகு வெள்ளைச் சாரத்தில் கறுப்பு எண்ணெய்க் கறை ஊறத் தொடங்கியது. நடுப்பகுதி தொய்ந்தது. இரண்டு பக்க மடல்களும் வெளியே விரிந்து தொடையை உரஞ்சின. கடைசியில், பள்ளத்தில் விழுந்தால் அடிக்கம்பி பின்பக்கத்தில் இடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது சீற்றின் முன்மூக்குக்குக் கீழுள்ள, தோலை இழுத்துப் பிடிக்கிற நட்டை முடியுமட்டும் முறுக்கிவிட்டார்கள். அதோடு மூக்கு ரிவெட் ஓட்டையில் தோல் கிழிந்தது. “தோல் பழசு, நாங்க என்ன செய்யுற?” என்பதுதான் கிடைத்த பதில். பெட்டியில் இருந்து எடுத்து ஒரு மாதம்கூட ஆகாத சீற்றைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

சீற்றைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தால் என்ன செய்திருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. தோலின் அடிப்பக்கம் சொரசொரப்பாக, இளம் மண்ணிறத்தில், நுண்ணிய நார் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும். இதில் அந்தப் பக்கம் வழுவழுவென்று கறுத்து, கராஜ் நிலத்தின் மணம் அடிக்கிறது. வெள்ளைக் கடதாசித் துண்டை ஒத்தி எடுத்தால் எண்ணெய் படிகிறது. பழைய எஞ்சின் ஒயிலில் ஊறவிட்டிருக்கிறார்கள். பின்பக்க இரும்புத் தகட்டின் ஓரத்தைக் கவனித்தால், தோல் தகட்டை விட்டு 3 மில்லிமீற்றர் அளவு உள்ளுக்கு இழுபட்டு, ரிவெட் தலைகளைச் சுற்றி மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள். ஒயில் வடிய வெயிலில், அதிலும் தகரத்தின் மேல் காயவிட்ட வேலை. நடு தொய்ந்தும் விளிம்பு விறைத்தும் இருப்பதற்குக் காரணம் இந்த இரண்டும் சேர்ந்ததே.

தோல் சீற் எப்படி வேலை செய்கிறது என்று விளங்கினால், இந்த வைத்தியம் ஏன் கொல்லும் என்பதும் விளங்கும். அதற்குள் பஞ்சோ ரப்பரோ கிடையாது. ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தடித்த மாட்டுத்தோல் ஒன்று, முன்மூக்குக்கும் பின்தகட்டுக்கும் இடையில் ரிவெட் அடித்து இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. உடற்பாரத்தைத் தாங்குவது அந்த இழுவைதான். தோலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். இதன் நார்கள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பின்னிக் கிடக்கும். உடற்பாரமும் உடற்சூடும் சேர்ந்து, இருப்பெலும்பு இரண்டும் அமரும் இடத்தில் மட்டும் நார்கள் மெல்ல மெல்ல இடம் கொடுக்கும். அங்கே ஆழமில்லாத இரண்டு பள்ளம் விழும். மற்ற இடமெல்லாம் விறைப்பாகவே இருக்கும். நன்றாகப் பழகிய சீற்றின் அடையாளம் அந்த இரண்டு பள்ளம்தான்.

எண்ணெயில் ஊறிய தோலில் எல்லா நாரும் ஒரே நேரத்தில் வழுக்கும். இருப்பெலும்புக்கென்று தனி இடம் பதியாது. முழுத்தோலும் ஏணை போலத் தொய்ந்துவிடும். நீண்ட நார் திரும்பச் சுருங்காது. எஞ்சின் ஒயிலின் கரியும் இரும்புத் தூளும் உடுப்பில் ஏறுவது வேறு. சில இடங்களில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் பூசுகிறார்கள். அது தோலில் இருக்கிற இயற்கைக் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். முதல் நாள் மெது, பிறகு மொறமொறப்பு. தண்ணீரில் ஊறவைத்து ஈரத்தோடு ஓட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஈரத்தோல் பாரத்துக்கு இழுபட்டால் இழுபட்டதுதான். ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் இன்னும் மோசம். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது 70–80 பாகை செல்சியசை எட்டினால் சுருங்கி விறைத்துப்போகும், பிறகு எந்த மருந்துக்கும் திரும்பாது. நண்பகல் வெயிலில் கை வைக்கமுடியாமல் கொதிக்கும் தகரத்தில் ஈரச் சீற்றைக் காயவிடக்கூடாது என்பது இதனால்தான். ஹீற் கன், அடுப்பங்கரை, ஹெயார் டிரையர் எல்லாம் அதே வகைதான்.

தேங்காய் எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு பூசுபவர்கள் அதிகம். அது ஏறத்தாழ 24–25 பாகையில் உருகிவிடும். நமது சூட்டில் அது உறையாமல் தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒருமுறை மெல்லியதாகப் பட்டால் சீற் செத்துவிடாது. மாதாமாதம் பூசினால் மெல்லக் கொல்லும். மெழுகு கலந்த பூச்சு அப்படி ஓடாது. புரூக்ஸ் நிறுவனம் விற்கும் புரூஃபைட் என்ற பூச்சில் மாட்டுக்கொழுப்பு, மீனெண்ணெய், தாவர எண்ணெய், தேன்மெழுகு, பரஃபின் மெழுகு எல்லாம் இருக்கின்றன. கொழுப்பு நாருக்குப் போகும், மெழுகு மேலே நின்று தண்ணீரைத் தடுக்கும். கொழுப்பு வேண்டாம் என்பவர்கள் தேன்மெழுகு சேர்ந்த, நிறமில்லாத சப்பாத்து கிறீம் பாவிக்கலாம். கறுப்புப் பொலிஷ் பூசினால் பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிக்கூட உடுப்புக்குக் கேடு.

சரியான முறைக்குக் கடை தேவையே இல்லை. புதுச் சீற்றைப் பூட்டுமுன் கவிழ்த்து, அடிப்பக்கத்துக்கு அரைத் தேக்கரண்டி மெழுகுப் பூச்சை விரலால் தேய்த்து ஊட்டுங்கள். அடிப்பக்கம் நன்றாகக் குடிக்கும். மேற்பக்கத்துக்கு அதில் பாதி போதும், பளபளப்புத் தெரியாத மெல்லிய படையாக. ஒரு இரவு நிழலில் வைத்து, காலையில் பருத்தித் துணியால் துடைத்து மினுக்குங்கள். பூட்டும்போது மூக்கைக் கொஞ்சம் மேலே தூக்கி வையுங்கள். தோல் நடுவில் இறங்கும்போது ஆள் முன்னுக்கு வழுக்காமல் இருக்க அது தேவை. கிளாம்ப் நட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் பல் தேய்ந்து சீற் ஆடத் தொடங்கும்.

பிறகு ஓட்டம்தான் வைத்தியம். முதலில் சந்தைக்கும் கடைக்கும் போகிற சின்ன ஓட்டம். காத்தான்குடியில் இருந்து களுவாஞ்சிகுடிக்கு ஒரே மூச்சில் போகிற எண்ணத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பழகுவதற்கு 500 முதல் 1000 கிலோமீற்றர் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். தினமும் 8 கிலோமீற்றர் ஓடுபவருக்கு அது இரண்டு மாதத்தில் இருந்து நான்கு மாதம். முதல் மாதத்தில் மேற்பக்கத்துக்கு இன்னொரு மெல்லிய பூச்சு, அதன்பின் வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. அதற்கு மேல் பூசுவது அன்பின் பேரில் செய்கிற கெடுதல்.

மூக்குக்குக் கீழுள்ள இழுவை நட்டைப் புதுச் சீற்றில் தொடவே வேண்டாம். பழகி முடிந்து, கையால் அமத்தும்போது நடு வழமையைவிட இறங்குகிறது என்று தெரிந்தால் மட்டும் கால் சுற்று. அவ்வளவுதான். ஓட்டிப் பார்த்து, தேவையென்றால் பிறகு இன்னொரு கால் சுற்று. தொய்வை நட்டால் சரிக்கட்டலாம் என்று முடியுமட்டும் முறுக்கினால், பாரம் முழுக்க மூக்கு ரிவெட்டின் ஓட்டைக்கு வரும். மேலே சொன்ன சீற் கிழிந்தது அங்கேதான். அளவான ஸ்பனரைப் பாவியுங்கள், குறடு நட்டின் முனைகளை உருட்டிவிடும்.

மாரியில் கவனம் வேறு. பின் மட்காட் இல்லாத சைக்கிளில் சில்லு அள்ளி எறிகிற சேற்றுத்தண்ணி சீற்றின் அடிப்பக்கத்தில்தான் படும், அந்தப் பக்கம் தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும். நிறுத்தி வைக்கும்போது சொப்பிங் பேக்கால் மூடுங்கள், மழை விட்டதும் கழற்றுங்கள். கட்டியபடியே விட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்துவிட்டால் துவாயால் ஒத்தி, நிழலில் காற்றுப்பட வையுங்கள். முழுதாகக் காயும்வரை அதில் ஏறவேண்டாம். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் வினாகிரியும் தண்ணியும் சம அளவில் கலந்து துணியால் துடைத்து, காய்ந்தபின் மெல்லிய பூச்சு. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் நடு வெயிலில் விடாமல் மரநிழலில் நிறுத்தினால் போதும்.

அதே வகைக் கடைகளில் நடக்கும் இன்னொரு ஏமாற்று, ‘பழைய ஸ்டொக், அசல் லண்டன் தோல்’ என்று விற்பது. கையில் எடுத்ததும் மெத்தென்று இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். கவிழ்த்துப் பாருங்கள்: அடியில் துணியோ பிளாஸ்ரிக் தட்டோ தெரிந்தால் அது மேலே ஒட்டிய மெல்லிய தோல். மடலின் விளிம்பை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரே தோலாக உள்வரை மண்ணிறமாக இருக்கவேண்டும். நடுவில் ஒட்டுக் கோடு தெரிந்தால் இரண்டு படை. நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் அது பட்டைச் சாற்றில் அல்லாமல் குரோம் உப்பில் பதனிட்ட தோல், இந்த வேலைக்குப் பாரம் தாங்காது. அடிப்பக்கத்தில் ஒரு துளி தண்ணீர் வைத்தால் அசல் தோல் கறுத்து மெல்ல உறிஞ்சும். எண்ணெய் ஊட்டியதில் அந்தத் துளி உருண்டு நிற்கும். எல்லாவற்றையும்விடப் பொய் சொல்லாத இடம் இழுவை நட்டு. பாவிக்காத சீற்றில் போல்ற்றின் புரி பெரிதாக வெளியே வந்திருக்காது. பல புரி வெளியே தெரிந்தால், அது தொய்ந்த சீற்றை முறுக்கி, சாயம் பூசி வைத்தது. ‘செப்பு ரிவெட்’ என்று சொன்னால் ஸ்பீக்கர் காந்தத் துண்டொன்றை வைத்துப் பாருங்கள், செப்பில் காந்தம் ஒட்டாது. புரூக்சிலேயே இரும்பு ரிவெட் உள்ள வகைகளும் இருப்பதால், காந்தம் ஒட்டியதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

வேலைக்குக் கொடுத்தாலும் வாங்கினாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். அதில் ‘தோல் சீற்’ என்று மட்டும் எழுதவிடாமல் வகை, புதிதா பழையதா, என்ன வேலை என்று எழுதுவியுங்கள். கொடுக்குமுன் மேலும் கீழும் படம் எடுத்து வையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் பொருளுக்கும் சேவைக்கும் அந்தச் சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும், மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். தகவல் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. இந்தச் சீற்றின் சொந்தக்காரரிடம் துண்டுக் கடதாசிகூட இல்லாததால்தான் கடைக்காரரால் அவ்வளவு தைரியமாகப் பேச முடிந்தது.

ஏற்கெனவே எண்ணெய் குடித்த சீற் வீட்டில் இருந்தால் வீசிவிடவேண்டாம். கழற்றிக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் சோளமாவைத் தடிப்பாகத் தூவி, ஒரு நாள் விட்டுத் தட்டுங்கள். மா எண்ணெயை இழுப்பது நிற்கும்வரை மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். முழு எண்ணெயும் வராது, கறை படுவது குறையும். மடல் விரிந்திருந்தால், விளிம்பில் இருந்து 12 மில்லிமீற்றர் உள்ளே, இரண்டு பக்கமும் நேருக்கு நேராக நான்கு நான்கு ஓட்டை, வட்ட ஓட்டை குத்தும் கருவியால். கத்தியால் கீறினால் அந்தக் கீறலே கிழிந்து போகும். 3 மில்லிமீற்றர் ஓட்டை போதும். தடித்த சப்பாத்து நூலை அடியால் குறுக்கும் மறுக்கும் கோத்து, மடல்கள் நேராக நிற்குமளவுக்கு மட்டும் இழுத்து முடிச்சுப் போடுங்கள். மூக்கு ரிவெட் ஓட்டை நீண்டிருந்தாலும் ஓரம் கிழியாமல் இருந்தால், அகல வாசர் வைத்துப் புது ரிவெட் அடிக்கலாம். ஓரம்வரை கிழிந்துவிட்டால் தோல் முடிந்தது. அப்போதும் சட்டத்தையும் ஸ்பிரிங்கையும் எடுத்து வையுங்கள், அதே வகைக்குப் புதுத் தோல் கிடைத்தால் அவை திரும்ப உதவும்.