ஓமானுக்கு ஆள் எடுக்கிறவர் காசு கேக்காமல் காசு தந்தால் கவனம்

விசுவமடு, தருமபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் உள்ள உறவுகள் இதை வாசியுங்கோ. ஃபோன் இல்லாத வீட்டுக்கும் சொல்லிவிடுங்கோ.

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறவர் காசு கேட்டால் நாங்கள் உசாராகிறம். என்ரை பெரியம்மாவின்ரை மகளிட்டை வந்தவர் கேக்கேல்லை, குடுத்தார். நுண்கடன் கட்டுக்காசுக்குக் கிழமைக்குக் கிழமை வாசலில ஆள் நிக்கிற வீடு அது. எங்கடை பக்கம் அப்பிடி எத்தினை வீடு இருக்கெண்டு அவருக்கு நல்லாத் தெரியும். “முதல்ல இதை வச்சுக் கடனைக் கட்டுங்கோ அக்கா, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்” எண்டு ரெண்டு லட்சம் கையில வச்சவர். கையெழுத்தும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை.

வந்தது விசிற் விசா. அங்க போய் மாத்தலாமாம். மஸ்கட்டில இறங்கினவுடன பாஸ்போட்டைப் பறிச்சு, ஒரு அலுவலகத்தில இருத்தினாங்கள். வீட்டு வேலைக்கு ஆள் தேடுற வீட்டுக்காரர் வந்து பாத்துக் கூட்டிக்கொண்டு போவினம், பிடிக்காட்டில் திருப்பிக் கொண்டுவந்து விடுவினம். சம்பளம் இல்லை. ஊருக்குப் போகவேணும் எண்டு அக்கா அழ, “உனக்குச் செலவழிச்ச காசை வச்சிட்டுப் போ” எண்டு அந்த ரெண்டு லட்சத்தைப் பல மடங்காக்கிச் சொன்னாங்கள். கடைசியில தூதரகத்துக்கு ஓடிப்போய்த்தான் வந்து சேர்ந்தவ. 2022 கடைசியில இதே ஓமான், இதே விசிற் விசாக் கதை பத்திரிகை எல்லாத்திலயும் வந்தது. அதுக்குப் பிறகும் இது நடக்குது.

இஞ்ச பொலிசுக்குப் போனால், “காசு வாங்கி விரும்பித்தானே போனவ, இது கொடுக்கல் வாங்கல் பிரச்சினை” எண்டு எழுதப் பாத்தினம். கனபேர் இந்த இடத்தில திரும்பி வந்திடுகினம். வராதேங்கோ. 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தோட தண்டனைச் சட்டக்கோவையில 360சி எண்ட பிரிவு புதுசா மாத்தி எழுதப்பட்டது. அதில ஆட்கடத்தலுக்கு, அதாவது ஏமாத்தியோ மிரட்டியோ சுரண்டலுக்கு ஆள் எடுக்கிறதுக்கு, 2 தொடக்கம் 20 வருசம் வரை சிறை. கடனைக் காட்டி ஆளை மடக்கி வேலை வாங்கிறது 358ஏ பிரிவில தனிக்குற்றம். ஆட்கடத்தலைத் தடுக்கிற ஐநாவின்ரை பலெர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல உறுதிப்படுத்தினது. ஏமாத்தியோ, ஒருத்தரின்ரை கஷ்டத்தைப் பாவிச்சோ சுரண்டலுக்கு ஆள் எடுத்திருந்தால், போனவர் சம்மதிச்சது செல்லாது எண்டு அதில தெளிவா இருக்கு. ஓமானும் அதில சேர்ந்த நாடுதான். 2008இல தனிச்சட்டமும் போட்டது. இவ்வளவும் இருக்க, அந்த மேசையில இருந்தவருக்கு ஞாபகம் வந்தது கொடுக்கல் வாங்கல் மட்டும். ஆட்கடத்தலுக்கெண்டே கொழும்பில சீஐடியின்ரை பிரிவு ஒண்டு இருக்கு. எங்கடை முறைப்பாடு இப்ப அங்கதான்.

போறவை விசாவை முதல்ல வாசிப்பியுங்கோ. விசிற் எண்டு இருந்தால் அது வேலை விசா இல்லை. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கோ, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிவு செய்தாச்சோ எண்டு பணியகத்தின்ரை 1989 நம்பருக்கு அடிச்சுக் கேக்கலாம். பிரதேச செயலகத்தில இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிட்டையும் போகலாம், அவைக்குக் காசு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. பாஸ்போட், விசா, வட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்தையும் வீட்டில இன்னொரு ஃபோனிலயும் வையுங்கோ. அக்காவின்ரை வழக்குக்கு இப்ப இருக்கிற சாட்சி அந்த வொய்ஸுகள்தான்.

ஆள் இன்னும் பிடிபடேல்லை. நம்பர் மாத்திப்போட்டு முத்தையன்கட்டுப் பக்கம் இன்னொரு வீட்டுக்கும் காசு குடுத்திருக்கிறார் எண்டு கேள்வி. எந்த வீடெண்டு ஆருக்கும் தெரிஞ்சால், அந்தப் பிள்ளை வெளிக்கிட முதல் எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ.