செயற்கைக்கோளா, லைடாரா?

கடலில் காற்றாலை நிறுவுமுன் அங்குள்ள காற்றை அளக்க இரண்டு வழிகள். 2009-ல் இஸ்ரோ ஏவிய ஓஷன்சாட்-2 போன்ற செயற்கைக்கோள்கள், நீர்ப்பரப்பின் சிலிர்ப்பைப் படித்து 10 மீட்டர் உயரக் காற்றைக் கணிப்பவை. வங்கக்கடல் முழுவதும் கைக்குள் வந்துவிடும். ஆனால் காற்றாலை சுற்றுவது 100 மீட்டருக்கு மேலே அல்லவா! வெதுவெதுப்பான கடல்மேல் காற்று கலங்கிக் கிளம்புவதால், கீழிருந்து மேலே போடும் கணக்கு சறுக்கும். வேகத்தில் 10 சதவீதம் பிசகினால், ஆற்றலில் ஏறக்குறைய 30 சதவீதம் பிசகும். மெரினாவில் பிற்பகலில் சட்டையைப் படபடக்கவைக்கும் காற்று, குறித்த நேரத்தில் மட்டும் கடந்துபோகும் செயற்கைக்கோளுக்குத் தப்பிவிடலாம். கரையோரத்தில் அதன் பார்வையும் மங்கல்.

கடலில் நிறுத்தும் லைடார் கருவி, காற்றிலுள்ள தூசியில் பட்டுத் திரும்பும் லேசர் ஒளியை வைத்து 200 மீட்டர் உயரம்வரை இரவும் பகலும் அளக்கும், ஒரே இடத்தில்தான். என் ஓட்டு அதற்கே. பழுது பார்க்கப் படகேற வேண்டும், அவ்வளவுதான்.