இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு ஆப்பில் ஆள் கூப்பிடப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

6,500 ரூபாய் போய்விட்டது. இன்வெர்ட்டர் இன்னும் ஓடவில்லை. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இல்லை. இன்னொருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

கரண்ட் போனால் எங்கள் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். வீட்டுக்கே ஆள் அனுப்பி ரிப்பேர் செய்து தரும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். மல்டிமீட்டரை பேட்டரி டெர்மினலில் வைத்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 12.6 வோல்ட்.

"பாருங்க சார், பேட்டரி ஃபுல்லா இருக்கு. வேற ஆளா இருந்தா புது பேட்டரியை உங்க தலையில கட்டியிருப்பான். எனக்கு அந்தப் பொழப்பு வேண்டாம். உள்ள இருக்கற சர்க்யூட் போர்டுதான் போயிருக்கு."

இப்படி ஒருவர் மீட்டரைக் காட்டிப் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்? மாஸ்ஃபெட் (போர்டில் சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் சின்ன பாகம்) எரிந்திருக்கிறது, கடையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று யூனிட்டைத் தூக்கிக்கொண்டு போனார். புது போர்டு மாற்றியதாகச் சொல்லி 6,500 வாங்கினார். திரும்பி வந்த யூனிட், அடுத்த கரண்ட் கட்டிலேயே அதே மாதிரி கத்தி அணைந்தது.

போன் செய்தால் "லோடைக் குறைச்சுப் பாருங்க சார்" என்றார். ஓடுவது ஒரு ஃபேன், ஒரு லைட். இதில் எதைக் குறைக்க? அப்புறம் "நாளைக்கு வர்றேன்". அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஆப்பின் கஸ்டமர் கேரில் கேட்டால், அவர் எங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர் என்கிறார்கள். பில் கேட்டால் பார்ட்னரிடம் கேளுங்கள் என்கிறார்கள். கடைசியில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ் வருகிறது. யார் தீர்த்தது? என் 6,500 எங்கே?

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து அதே பேட்டரியில் மீட்டரை வைத்தார், ஆனால் ஃபேனை ஓடவிட்டு. 12.6 கண்ணெதிரே சரிந்தது. 10.5 பக்கம் வந்ததும் யூனிட் அணைந்தது. உள்ளே தகடுகளில் சல்ஃபேட் உப்புப் படிந்து வலு போன பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல வோல்டேஜ்தான் காட்டுமாம், லோடு ஏறினால்தான் குட்டு வெளிப்படுமாம். பேட்டரி ஒரேயடியாகக் காலியாகாமல் இருக்க இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்கிறது, அது கோளாறே இல்லை. மூடியைக் கழற்றிக் காட்டினார். அந்த "புது" போர்டில் சால்டர் வைக்கும்போது ஒட்டும் பழுப்பு நிற ஃப்ளக்ஸ் கறை, கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் இடுக்கில் அடை அடையாகத் தூசி, ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் கீறல். நன்றாக இருந்த என் போர்டைக் கழற்றிக்கொண்டு, எங்கோ கழித்துப் போட்டதை மாட்டி, அதற்கு 6,500!

நிதானமாக எழுத இப்போது மனசு இல்லை. இவ்வளவு மட்டும் செய்யுங்கள். பேட்டரியை லோடு போட்டு அளந்து காட்டச் சொல்லுங்கள், சும்மா காட்டும் 12.6-ஐ நம்பாதீர்கள். டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறதா, டிஸ்டில்ட் வாட்டர் அளவு சரியா என்று முதலில் பாருங்கள். யூனிட்டை வெளியே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அவரையே மூடியைத் திறக்கச் சொல்லி போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் ஷாக் இருக்கும். கழற்றிய பழைய போர்டு கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.