வேட்பாளரை எங்கே உட்கார வைத்துப் பார்ப்பது: ராத்திரி காமெடி ஷோவா, மூன்று மணி நேரப் பாட்காஸ்ட்டா?

2024 அமெரிக்க அதிபர் தேர்தல்தான் நானும் மனைவியும் இந்த நாட்டில் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல். நியூ ஜெர்சிக்கு வந்து வருஷம் பல ஆனாலும் குடியுரிமை கைக்கு வந்தது அந்த வருஷம்தான். அக்டோபர் பிறந்ததும் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு பேருக்கும் வேலை, பையனுக்குப் பள்ளிக்கூடம், வேட்பாளர்கள் போகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போய்ப் பார்க்க யாருக்கும் நேரம் கிடையாது. அதனால் ராத்திரி டாக் ஷோக்கள் என் பங்கு, ரயிலில் போய் வரும்போது கேட்கலாம் என்பதால் பாட்காஸ்ட்டுகள் அவள் பங்கு. சனிக்கிழமை காலை இட்லி சாப்பிடும்போது அவரவர் பார்த்ததை, கேட்டதை மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வேட்பாளரை எடைபோட ராத்திரி ஷோவின் நாற்காலிதான் எனக்கு அதிகம் உதவியது. அவளுக்கு பாட்காஸ்ட். யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பது இதற்குள் வராது, இது எந்த இடத்தில் பார்ப்பது என்பதைப் பற்றி மட்டும்.

ராத்திரி காமெடி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று வேஷம் கட்டி ஸ்கிட்டில் வருவது, இன்னொன்று மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது. ஸ்கிட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1968 செப்டம்பரில் அதிபர் வேட்பாளராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் 'லாஃப்-இன்' என்ற காமெடி நிகழ்ச்சியில் சில நொடி தலைகாட்டி, அந்த நிகழ்ச்சியின் வழக்கமான வசனத்தைக் கேள்வி மாதிரி இழுத்துச் சொல்லிவிட்டுப் போனார். எதிர்த்து நின்ற ஹியூபர்ட் ஹம்ஃப்ரிக்கும் அழைப்பு போனது, அவர் வரவில்லை. விறைப்பான ஆள் என்று பெயரெடுத்த நிக்சனுக்கு அது நல்ல விளம்பரம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்த்தவருக்கு அவரைப் பற்றிப் புதிதாக என்ன தெரிந்தது? 2024 நவம்பர் 2 அன்று 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் கமலா ஹாரிஸும், அவர் வேஷம் கட்டுகிற நடிகை மாயா ருடால்ஃபும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசியதும் அதே ரகம். எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறார்கள், நன்றாகவே சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஒளிபரப்புச் சேனல்களுக்கு 1934-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்தே சம வாய்ப்பு விதி இருப்பதால், அந்த ஒன்றரை நிமிஷத்துக்காக என்பிசி மறுநாளே டொனால்ட் டிரம்புக்கும் விளையாட்டு ஒளிபரப்புகளுக்கு நடுவே நேரம் கொடுத்தது. ராத்திரி ஷோவுக்கும் பாட்காஸ்ட்டுக்கும் இடையே என்னவெல்லாம் வித்தியாசம் என்று நான் யோசிக்க ஆரம்பித்தது அதைப் படித்த பிறகுதான்.

1992 ஜூனில் ஆர்சினியோ ஹால் ஷோவில் பில் கிளிண்டன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாக்ஸபோன் வாசித்தது இரண்டுக்கும் நடுவில் வரும். அன்று அவர் உட்கார்ந்து பேசவும் செய்தார். யாரைக் கேட்டாலும் சாக்ஸபோனைத்தான் சொல்கிறார்கள்.

சரி, நாற்காலிக்கு வருகிறேன். என் கணக்கு முழுக்க ஒரே விஷயத்தில் நிற்கிறது: மறுகேள்வி. முதல் கேள்விக்கு எந்த வேட்பாளரும் பதில் தயாராகத்தான் வருவார், வராவிட்டால்தான் ஆச்சரியம். அந்தப் பதில் முடிந்ததும் 'அது சரி, நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே' என்று எதிரே இருப்பவர் திரும்பக் கேட்கிறாரா, கேட்டால் அந்த முகம் என்ன ஆகிறது, அதுதான் எனக்கு வேண்டும். எங்கள் ஊரில் வேட்பாளர் திறந்த ஜீப்பில் கும்பிட்டபடி தெருவைக் கடந்து போவார், மாலை கட்டி ஆரத்தி எடுப்போம், கேள்வி கேட்க யாருக்கும் இடமே கிடையாது. அதைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, மறுகேள்வி என்பது எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இதில் சிபிஎஸ் சேனலின் ராத்திரி ஷோவை முன்பு நடத்திய டேவிட் லெட்டர்மேன்தான் என் அளவுகோல். பழைய கிளிப்புகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். 2000 ஜனவரியில் அவருக்கு இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. மார்ச்சில், அப்போது டெக்சாஸ் ஆளுநராக இருந்து அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜார்ஜ் புஷ் செயற்கைக்கோள் வழியாக அவர் ஷோவில் வந்து, அந்த நெஞ்சைத் தைப்பதை வைத்து ஒரு ஜோக் சொன்னார். அரங்கம் ஊளையிட்டது. எந்தச் செய்தி வாசிப்பவரும் சொல்லாமலே, இது எடுபடவில்லை என்று அந்த நொடியே நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்டோபரில் அவர் நேரில் வந்து உட்கார்ந்தபோது லெட்டர்மேன் டெக்சாஸின் மரண தண்டனைகளைப் பற்றிக் கேட்டார், அங்குள்ள காற்று மாசைப் பற்றிக் கேட்டார், பதில் வந்ததும் விட்டுவிடாமல் திரும்பவும் அங்கேயே போனார். செய்திப் பேட்டிக்கு வருகிற ஆள் கவசத்தோடு வருவார். இங்கே சிரிக்க வந்தவர் சட்டென்று முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அந்த மாற்றத்தில் நிறையத் தெரிகிறது.

இன்னொன்று 2008. செப்டம்பர் 24 அன்று, ஒபாமாவை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன் லெட்டர்மேன் ஷோவுக்கு வர வேண்டியவர், பொருளாதார நெருக்கடிக்காக வாஷிங்டனுக்கு அவசரமாகப் போகிறேன் என்று வரவில்லை. நிகழ்ச்சி பதிவாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு விஷயம் தெரியவந்தது. மெக்கெய்ன் வாஷிங்டனுக்குக் கிளம்பவில்லை, அதே நியூயார்க்கில் அதே சிபிஎஸ் நிறுவனத்தின் செய்தி ஸ்டுடியோவில் கேட்டி கூரிக்கிடம் பேட்டி கொடுக்க உட்கார்ந்திருக்கிறார். அந்த உள் கேமரா படத்தை லெட்டர்மேன் அப்படியே திரையில் காட்டினார். முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார் மெக்கெய்ன். விமான நிலையத்துக்கு வண்டி வேண்டுமா என்று திரையைப் பார்த்துக் கேட்டார் லெட்டர்மேன். மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 16 அன்று மெக்கெய்ன் வந்தார், சொதப்பிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அதோடு முடியவில்லை. அவருடைய துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் பதவிக்குத் தயாரா என்ற கேள்வி வந்தது. ஒபாமாவுக்குப் பழைய தீவிரவாதியோடு பழக்கம் என்று பிரசாரம் செய்கிறீர்களே, வாட்டர்கேட் வழக்கில் சிறை போன கார்டன் லிடியோடு உங்களுக்குப் பழக்கம் இருக்கிறதே என்பதும் வந்தது. அந்தப் பகுதியை நான் மூன்று தடவை பார்த்தேன். மெக்கெய்ன் கோபப்படாமல், ஓடாமல், நெளிந்தபடியே பதில் சொன்ன விதத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர் எதிர் 2016 செப்டம்பரில் இன்னொரு ராத்திரி ஷோ நடத்தும் ஜிம்மி ஃபாலன் டிரம்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடியது. மறுகேள்வி என்ன, முதல் கேள்வியே அங்கே தேய்ந்துபோனது. ஃபாலனே பின்னால் அதற்காக வருத்தப்பட்டார். ஆக நாற்காலி இருந்தால் மட்டும் போதாது, மேஜைக்குப் பின்னால் யார் என்பதும் சேர்ந்ததுதான். அப்புறம், இந்த ஷோக்களில் விருந்தினரோடு தயாரிப்புக் குழு முன்கூட்டியே பேசி, எதைப் பற்றிப் பேசலாம் என்று தோராயமாக வகுத்துக்கொள்வது வழக்கம். அந்த ஏழெட்டு நிமிஷத்தில் பாதி ஒத்திகை பார்த்ததாகவே இருக்கும் என்று தெரிந்துதான் பார்க்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது 2024 அக்டோபர் 8. அன்று காலை 'தி வியூ' நிகழ்ச்சியில் கமலா ஹாரிஸிடம், கடந்த நான்கு வருஷத்தில் பைடன் செய்ததில் எதையாவது நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்களா என்று கேட்டார்கள். அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் அந்தக் கிளிப்பைப் பார்த்தேன், பிறகு எதிர்த்தரப்பு விளம்பரங்களிலும் அது வந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு ராத்திரியே ஸ்டீஃபன் கோல்பேர் ஷோ. ஆளுக்கொரு பீர் கேனைத் திறந்து வைத்துக்கொண்டு சகஜமாகத்தான் பேசினார்கள். நடுவில் கோல்பேர், உங்கள் ஆட்சியில் எது மாறும், எது அப்படியே இருக்கும் என்று கேட்டார். காலையில் தடுக்கிய அதே இடம். தன்னைத் திருத்திக்கொள்ள இதைவிட நட்பான இடம் ஒருவருக்குக் கிடைக்காது. நான் பைடன் இல்லை, டிரம்பும் இல்லை என்ற தொடக்கத்தோடு பதில் பொதுவாகப் போனது, அரங்கில் கைதட்டல். கோல்பேர் அங்கே இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனாலும் ஒரே நாளில் ஒரே கேள்வி இரண்டு தடவை வந்து, இரண்டு தடவையும் அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை ஒரு வாக்காளனாக நான் பத்து நிமிஷத்தில் பார்த்துவிட்டேன். என் அம்மா ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் 'நம்ம சியாமளா பொண்ணு எப்படிப் பேசுது' என்று கமலாவைப் பற்றி விசாரிப்பார். அன்று ராத்திரி நடந்ததை அவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்கே முழுசாகப் புரிந்தது.

இப்போது பாட்காஸ்ட். மனைவியின் வாதம் வலுவானது, அதை மறைக்கப் போவதில்லை. 'ஏழு நிமிஷம் யார் வேணும்னாலும் சமாளிச்சுடலாங்க, மூணு மணி நேரம் சமாளிக்க முடியாது, கையில வச்சிருக்கிற சரக்கு தீர்ந்துடும், அப்புறம் வர்றதுதான் அந்த ஆள்' என்பாள். அக்டோபர் 25 அன்று ஜோ ரோகன் பாட்காஸ்ட்டில் டிரம்ப் வந்தார், ஏறக்குறைய மூன்று மணி நேரம். யூடியூபில் சில நாட்களிலேயே மூன்று கோடிப் பார்வைகளைத் தாண்டியது. ராத்திரி ஷோவில் பெரிதாக ஓடியதே ஒரு நாளைக்குச் சில பத்து லட்சம் பேர்தான் என்றால் வேட்பாளர்கள் ஏன் அந்தப் பக்கம் போகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நியூ ஜெர்சியில் முன்கூட்டியே ஓட்டுப் போடுவது 26-ஆம் தேதி தொடங்கியது, அந்த வாரக் கடைசியில்தான் நானும் அதை முழுசாகக் கேட்டேன், துணி மடித்துக்கொண்டே, பாத்திரம் கழுவிக்கொண்டே.

வெள்ளை மாளிகையின் லிங்கன் படுக்கையறை எப்படி இருந்தது என்று டிரம்ப் சொன்ன இடம் சுவாரசியம், உண்மையாகவே அந்த மனிதர் மேடையில் இல்லாதபோது எப்படிப் பேசுவார் என்று தெரிந்தது. வருமான வரிக்குப் பதில் இறக்குமதி வரி என்ற யோசனை வந்தது. 2020 தேர்தலில் மோசடி நடந்தது என்று அவர் சொல்லிவந்ததைப் பற்றி, இதற்கான ஆதாரத்தை எப்போதாவது முன்வைப்பீர்களா என்று ரோகன் கேட்கவும் செய்தார். நான் பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பதில் தடுமாறியது, பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்று மணி நேரம் இருக்கிறது என்பதாலேயே எதையும் இப்போதே முடிக்க வேண்டிய அவசரம் இல்லை, நழுவிய கேள்வி நழுவியதுதான். ஹாரிஸ் போன 'கால் ஹெர் டாடி' பாட்காஸ்ட்டிலும் மனைவி சொன்னபடி பெரிய மறுகேள்வி எதுவும் இல்லை, இணக்கமான உரையாடல். அரங்கில் ஆட்கள் இல்லாததும் ஒரு குறை. புஷ்ஷுக்கு நடந்த மாதிரி ஒரு ஊளையோ, ஒரு சங்கடமான நிசப்தமோ அங்கே வர வழியில்லை.

மறுகேள்விதான் வேண்டும் என்றால் செய்திப் பேட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். கூரிக் பேலினிடம் எந்தப் பத்திரிகை படிக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. ஆனால் 2024-இல் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சிக்கு ஹாரிஸ் போனார், டிரம்ப் போகவில்லை. பக்கத்தில் வைத்து ஒப்பிட எனக்கு இரண்டு பேட்டிகள் இல்லாமல் போயின.

இதே குறை என் பக்கத்துக்கும் உண்டு, அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த இலையுதிர் காலத்தில் டிரம்ப் கோல்பேர் பக்கமும் போகவில்லை, இன்னொரு ராத்திரி ஷோ நடத்தும் ஜிம்மி கிம்மல் பக்கமும் போகவில்லை, ஃபாக்ஸ் நியூஸின் 'கட்ஃபெல்ட்' ஷோவுக்குத்தான் போனார். ஹாரிஸ் அங்கே போகவில்லை. 2000-இல் புஷ்ஷும் அவரை எதிர்த்து நின்ற அல் கோரும் லெட்டர்மேன் ஷோவின் ஒரே நாற்காலியில் சில வார இடைவெளியில் உட்கார்ந்தார்கள். இப்போது அவரவருக்கு அவரவர் நாற்காலி. தன்னை ஆதரிக்கிற அரங்கத்தின் கைதட்டல் மறுகேள்வியை மூடிவிடுகிறது என்பதையும் அக்டோபர் 8 அன்றே பார்த்தேன். 'கட்ஃபெல்ட்' ஷோவை நான் ஒரு முழு எபிசோட்தான் பார்த்திருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மொத்தமாக எனக்கு இருப்பது ஒரு தேர்தலின் அனுபவம் மட்டும்தான், மிச்சமெல்லாம் பழைய கிளிப்.

இத்தனைக்குப் பிறகும் நாற்காலி பக்கம்தான் சாய்கிறேன். லெட்டர்மேன் உட்கார்ந்திருந்த, பிறகு கோல்பேர் வந்த அந்த ஷோவை 2026 மே மாதத்தோடு முடித்துக்கொள்வதாக 2025 ஜூலையில் சிபிஎஸ் அறிவித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த வாரம் சனிக்கிழமை இட்லித் தட்டோடு உட்கார்ந்து மெக்கெய்ன் கிளிப்பை மனைவிக்குப் போட்டுக் காட்டினேன், அவள் அதுவரை பார்த்ததில்லை. பவுடர் போடுகிற காட்சியில் சிரித்தாள், லிடி பெயர் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது, 'கொஞ்சம் பின்னாடி போங்க, அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கணும்' என்றாள்.