அதே இருவர், இரண்டு சி.டி.கள்: 'ஸ்டீல் அவே'யா, 'கம் சண்டே'யா?

அப்பா எங்கள் ஊர்க் கோயில் பாடகர் குழுவில் நாற்பது வருஷம் பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடியவர். இப்போது குரல் நடுங்குகிறது, பாமாலைப் புத்தகத்தின் பொடி எழுத்தும் கண்ணுக்குப் பிடிபடவில்லை. சாயங்கால நேரத்தில் அவர் அறையில் ஓடவிட ஒரு நல்ல சி.டி. வாங்க வேண்டும் என்று நினைத்தபோது என் மனதில் இருந்தவை இரண்டே இரண்டுதான். இரண்டிலும் வாசிப்பவர்கள் அதே இருவர்: பியானோவில் ஹாங்க் ஜோன்ஸ், டபுள் பேஸ் என்ற பெரிய, கீழ்ச்சுரத் தந்தி வாத்தியத்தில் சார்லி ஹேடன். டிரம்ஸ் கிடையாது, பாடுகிற குரலும் கிடையாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்பிரிச்சுவல் பாடல்கள், கோயில் ஞானப்பாட்டுகள், கொஞ்சம் நாட்டுப்பாடல், அவ்வளவுதான்.

முதலாவது 'ஸ்டீல் அவே'. 1994இல் கனடாவின் மாண்ட்ரியலில் பதிவாகி 1995இல் வெளிவந்தது. இரண்டாவது 'கம் சண்டே'. 2010 பிப்ரவரியில் நியூயார்க்கில் பதிவானது. அந்த மே மாதமே ஹாங்க் ஜோன்ஸ் தம் 91ஆவது வயதில் காலமாகிவிட்டார், வெளிவந்தபோது 2012. இரண்டிலும் பதினான்கு டிராக்குகள். ஒலிப்பதிவின் தெளிவில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாசிப்பின் தரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த இருவரும் சேர்ந்து அவசரப்பட்டு ஒரு சுரம் வாசித்து நான் கேட்டதில்லை.

நான் வாங்கியது 'ஸ்டீல் அவே'. ஆனால் முதலில் வாங்க நினைத்தது மற்றதை. அதில்தான் ஞானப்பாட்டுகள் அதிகம், அதனால் அப்பாவுக்குப் பழக்கமான மெட்டுகள் அதில்தான் இருக்கும் என்பது என் கணக்கு. 'உம்மண்டை கர்த்தரே' என்று நாம் பாடும் மெட்டு அதில் இருக்கிறது. 'பிளெஸ்ஸட் அஷ்யூரன்ஸ்', 'ஸ்வீட் அவர் ஆஃப் பிரேயர்', 'தி ஓல்டு ரக்கட் கிராஸ்' எல்லாம் வரிசையாக வருகின்றன. வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இரண்டையும் ஸ்ட்ரீமிங்கில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். அந்த வாரத்தில்தான் என் கணக்கு மாறியது.

காரணம் ஒன்றுதான். பேஸுக்கு என்ன வேலை மிஞ்சுகிறது என்பது.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஞானப்பாட்டு என்பது பெரும்பாலும் நான்கு குரலுக்கும் எழுதி அச்சிட்ட பாட்டு. சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று எல்லாருக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தாயிற்று. ஏறக்குறைய ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு, மாறும். கீழ்க்குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பது நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே முடிவானது. டபுள் பேஸ்காரர் அங்கே வந்து நின்றால், அந்தப் பாகத்தை மரியாதையாக வாசிப்பதுதான் பெரிய வேலை. கோயில் ஆர்கனில் கால் கட்டைகள் செய்கிற அதே வேலை. ஹேடன் அதைக் குறைவில்லாமல் செய்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் 'கம் சண்டே'யில் 'உம்மண்டை' மெட்டு ஓடியபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு கூடவே முனகினார். முடிந்ததும் சொன்னார்: "ஏல, இவன் நம்ம பாகத்தத்தானே வாசிக்கான்?"

ஸ்பிரிச்சுவல் கதை வேறு. அடிமைப்பட்டுக் கிடந்த மக்கள் எழுதிவைக்காமல் பாடிப் பாடி வளர்த்த பாட்டு அது. 1871இல் நாஷ்வில்லின் ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள் ஒரு குழுவாகக் கிளம்பி ஊர் ஊராகப் பாடிய பிறகுதான் வெளியுலகம் அதைச் சரியாகக் கேட்டது. மெட்டு பல நேரம் ஐந்தே சுரம். 'ஸ்விங் லோ, ஸ்வீட் சாரியட்' பாட்டை நம் காதால் கேட்டால் மோகனத்தின் ஐந்து சுரங்களும் அப்படியே தட்டுப்படும். ஒருவர் ஒரு வரி பாட, கூட்டம் பதில் பாடும். கட்டாயமாக மாறியே தீர வேண்டிய கார்டு ஒவ்வொரு தட்டுக்கும் இல்லை. அதனால் பேஸுக்கு இடம் இருக்கிறது. ஒரே சுரத்தில் நிற்கலாம். வரிக்கு வரி பதில் சொல்லலாம். சும்மாவும் இருக்கலாம்.

ஹேடன் இந்த இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதற்காகவே 'ஸ்டீல் அவே'யைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். 1959இல் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனோடு சேர்ந்து ஜாஸையே புரட்டிப்போட்டவர் அவர். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, அயோவா மாநிலத்தில் பிறந்து, நடக்கப் பழகும் வயதிலேயே குடும்பத்தின் வானொலி நிகழ்ச்சியில் நாட்டுப்பாடலும் ஞானப்பாட்டும் பாடிய குழந்தை. 15 வயதில் போலியோ வந்து தொண்டையைத் தாக்கியது. பாட்டு நின்றது, பேஸ் வந்தது. இதைத் தெரிந்துகொண்டு கேட்பதாலோ என்னவோ, அவர் தனியாக வாசிக்கும் இடங்களில் எனக்கு ஒரு பாடகர்தான் கேட்கிறார். வேகம் காட்டுவதில்லை. மேலே ஓடி வித்தை செய்வதில்லை. கீழே, மரம் கலந்த அந்த ஒலியில், ஒவ்வொரு சுரத்தையும் அது அடங்கும் வரை விட்டுவைக்கிறார்.

இதற்கு ஜோன்ஸ் வழிவிடுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பியானோவும் பேஸும் மட்டும் என்றால் எப்போதும் ஒரு தொல்லை உண்டு: பியானோக்காரரின் இடது கையும் பேஸும் ஒரே இடத்தில் வந்து மோதும், கீழ்ப்பகுதி குழம்பிப் போகும். ஜோன்ஸ் இடது கையை லேசாக வைத்துக்கொள்கிறார். மிசிசிப்பியில் பிறந்து மிச்சிகனில் பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவர். ஜாஸ் பாடகி எல்லா (Ella) ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பல வருஷம் பக்கவாத்தியம் வாசித்தவர். பாடுகிறவருக்கு எங்கே மூச்சு வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது.

எண்ணிப் பார்த்தேன். 'ஸ்டீல் அவே'யின் பதினான்கில் ஒன்பது ஸ்பிரிச்சுவல்கள். 'கம் சண்டே'யில் 'டவுன் பை தி ரிவர்சைட்', 'டீப் ரிவர்' உட்பட நான்குதான். மீதியில் பெரும்பகுதி ஞானப்பாட்டு, இரண்டு கிறிஸ்துமஸ் பாட்டு, ஜாஸ் மேதை டியூக் எலிங்டன் எழுதிய தலைப்புப் பாட்டு. என் தேர்வுக்கு இந்தக் கணக்கே போதும்.

'ஸ்டீல் அவே'யில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது ஒரே நிறத்தில் இல்லை. நடுவில் 'டேனி பாய்' வருகிறது. ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டு வருகிறது. ஹேடனின் மகன் ஜோஷ் எழுதிய 'ஸ்பிரிச்சுவல்' என்ற பாட்டும் உண்டு. பழைய பாட்டுகளோடு வைத்துக் கேட்டால் புதிது என்றே தெரியாது. 'வீ ஷல் ஓவர்கம்' இருக்கிறது. 1969லேயே தம் லிபரேஷன் மியூசிக் ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் இசைத்தட்டில் ஹேடன் அதைச் சேர்த்திருந்தார். கடைசி டிராக்கில் நான்கு ஞானப்பாட்டுகளைக் கோத்து வாசிக்கிறார்கள். 'என்னோடிரும் மா நேச கர்த்தரே', 'நான் பாவிதான்', 'பாவ சஞ்சலத்தை நீக்க' என்று நமக்குத் தெரிந்த மூன்று, அப்புறம் 'அமேஸிங் கிரேஸ்'. அந்தக் கடைசிப் பாட்டின் வரிகளை எழுதிய ஜான் நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டன். அடிமைகளின் பாட்டு பதின்மூன்றாவது டிராக் வரை வந்து, பதினான்காவதில் அவர் பாட்டோடு முடிகிறது. வேண்டுமென்றே அப்படி வைத்தார்களா, நான் சொல்ல மாட்டேன். எனக்கு ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் நெஞ்சு கனக்கிறது.

சரி, 'கம் சண்டே' யாருக்கு? துக்க வீட்டுக்கு, பெரிய வியாழன் இரவுக்கு, தனியாக உட்கார்ந்து ஜெபிக்கிறவருக்கு அதுதான் என்று நினைக்கிறேன். 'டேக் மை ஹேண்ட், பிரெஷியஸ் லார்டு' முதல் டிராக். 1932இல் பிரசவத்தில் மனைவியையும் பிறந்த குழந்தையையும் பறிகொடுத்த தாமஸ் டார்சி எழுதியது. அதை 91 வயதுக் கை தொடுகிறது என்ற நினைப்பே போதும், நான் வேறு வேலை எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் இந்த சி.டி.யோடு எனக்குப் பழக்கம் குறைவு. ஸ்ட்ரீமிங்கில், பெரும்பாலும் ஹெட்போனில் கேட்டதுதான். இரண்டு வருஷம் வீட்டில் ஓடவிட்டால் என் எண்ணம் மாறவும் கூடும்.

ஆர்ச்சி ஷெப்பும் ஹோரஸ் பார்லனும் 1977இல் கோபன்ஹேகனில் இதே மாதிரி ஸ்பிரிச்சுவல்களை வாசித்துப் பதிவு செய்த 'கோயிங் ஹோம்' பற்றியும் கேட்பார்கள். அற்புதமான இசைத்தட்டு, ஆனால் அது சாக்ஸபோனும் பியானோவும். சாக்ஸபோன் அழுகிறது, அதட்டுகிறது. அப்பாவின் அறைக்கு அது அதிகம் என்று தோன்றியது.

எதை வாங்கினாலும் ஒன்று மட்டும் கட்டாயம். போனின் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது, அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது வரவே வராது. பாதி ஆளைக் கேட்காமலேயே முடிவுசெய்துவிடுவீர்கள். நாங்கள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய மர ஸ்பீக்கர் ஒரு ஜோடியை வைத்திருக்கிறோம்.

'ஸ்டீல் அவே' ஓடும்போது அப்பா முனகுவதில்லை. பேஸ் அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. தலையை ஸ்பீக்கர் பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்கிறார். கடைசி டிராக்கில் 'பாவ சஞ்சலத்தை' வந்ததும் மட்டும், ஹேடனோடு சேர்ந்து, தம் பாகத்தை எடுத்துக்கொள்கிறார்.