19 அங்குலச் சக்கரம் மாட்டும் முன் எடை போட்டுப் பாருங்கள்

என் காரின் 16 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "ஒல்லியானது, உயரமானது, எடையும் குறைவு" என்ற கடைக்காரரின் பேச்சை நம்பி 19 அங்குலச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு மூன்று மாதம் பட்ட பாட்டை இங்கே பதிவு செய்கிறேன். இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்தால் போதும்.

கடைக்காரர் முழுப் பொய் சொல்லியிருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். 2013இல் வந்த பி.எம்.டபிள்யூ ஐ3 மின்சாரக் காரில் 155/70 ஆர்19 (அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 19 அங்குலம்) என்ற மிக ஒல்லியான டயர் இருந்ததையும், டொயோட்டா பிரியஸின் ஐந்தாம் தலைமுறையில் 195/50 ஆர்19 டயர் வருவதையும் அவர் சரியாகவே சொன்னார். டயர் ஒல்லியாக இருந்தால் காற்றுத் தடை குறையும் என்பதும், விட்டம் கூடும்போது தரையைத் தொடும் இடத்தில் டயர் மடங்குவது குறைந்து உருளும் தடை இறங்கும் என்பதும், தேங்கிய நீரில் ஒல்லியான டயர் எளிதில் மிதக்காது என்பதும் உண்மைதான். அவர் சொல்லாமல் விட்டது, அந்தக் கார்களின் கியர் விகிதமும் பிரேக்கும் சக்கரக் குழியும் அந்த விட்டத்துக்காகவே வடிவமைக்கப்பட்டவை என்பதை. என் கார் 205/55 ஆர்16 டயருக்காகச் செய்யப்பட்டது. அதில் அவர் பூட்டியது 195/50 ஆர்19.

மாட்டிய அன்றே வண்டி சோம்பலாக இருந்தது. மூன்றாவது கியரில் அலட்டாமல் ஏறும் மேட்டில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது; மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்சை வழக்கத்தைவிட அதிக நேரம் பாதியில் பிடிக்க வேண்டியிருந்தது. கேட்டதற்கு, "புது டயர், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் பழகிவிடும்" என்றார். ஆயிரம் ஓடிய பிறகும் பழகவில்லை.

அதன் பிறகுதான் கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன் போட்டிருந்தால் பத்து நிமிட வேலை. பழைய டயரின் பக்கச் சுவர் 205 மில்லிமீட்டரில் 55 சதவீதம், அதாவது சுமார் 113 மில்லிமீட்டர். மேலும் கீழும் அதைச் சேர்த்து, ரிம்மின் 406 மில்லிமீட்டரோடு கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 632. புதியதற்கு அதே கணக்கில் 678 வருகிறது. 7 சதவீதத்துக்கும் சற்று அதிகம். இன்ஜினும் கியரும் மாறாதபோது விட்டம் இவ்வளவு கூடினால், சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஒவ்வொரு கியரிலும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறையும். பிரேக்குக்கும் இதே கதிதான்: அதே அழுத்தத்துக்குப் பிடிப்பு குறைவு. ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றுகளை எண்ணுவதால், முன்பு காட்டியதைவிட 7 சதவீதம் குறைத்துக் காட்டியது. ஓடிய தூரமும் அப்படியே. மைலேஜ் குறைந்தது என்று நான் புலம்பியபோது கடைக்காரர் இந்தத் தூரக் கணக்கைக் காட்டித்தான் தப்பித்தார். அதையும் சரிசெய்து பார்த்தேன்: நெடுஞ்சாலையில் பழைய அளவுக்கு வந்தது, நகருக்குள் குறைந்தே இருந்தது. அகலத்தில் மிச்சமானது வெறும் 10 மில்லிமீட்டர். வண்டியோ 23 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றது. ஒல்லி என்ற பேச்சின் மதிப்பு அவ்வளவுதான்.

அடுத்தது எடை. இவை ஃபோர்ஜ்டு (அச்சில் வார்க்காமல், உலோகத்தை அழுத்தி உருவாக்கிய) ரிம்கள், பழையதைவிட இலகு என்பது வாக்குறுதி. ரசீதில் "அலாய்" என்று மட்டுமே இருந்ததை நான் கவனிக்கவில்லை. நல்லவேளையாக, டிக்கியில் இருந்த ஸ்டெப்னி பழைய அலாய் வீலேதான். வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியின் மேல் அதைத் தூக்கிக்கொண்டு நின்று, என் எடையைக் கழித்தேன்: டயரோடு 17.5 கிலோ. புதியதில் ஒன்றைக் கழற்றி அதே போல நின்றேன்: 23 கிலோ. இரண்டு முறை திரும்பவும் போட்டுப் பார்த்தேன், எண் மாறவில்லை.

நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 22 கிலோ கூடுதல். சக்கரத்தில் ஏறும் ஒரு கிலோ வண்டியில் ஏறும் எட்டு கிலோவுக்குச் சமம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், அது மிகை. சக்கரம் முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், டயரின் வெளிவிளிம்பில் இருக்கும் எடை வேகமெடுக்கும்போது இரண்டு மடங்காகக் கணக்காகும். மையத்துக்கு அருகில் இருப்பது அதற்கும் குறைவாக. ஆகவே என் 22 கிலோவின் பாதிப்பு 44 கிலோவைத் தாண்டாது. ஓட்டுநரோடு 1,400 கிலோ எடையுள்ள வண்டியில் அது 3 சதவீதம். பிக்கப் போனதற்கு முதல் குற்றவாளி விட்டம், எடை இரண்டாவதுதான். ஆனால் பள்ளத்தில் விழும்போது எடை தன் வேலையைக் காட்டியது. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடி, பக்கச் சுவரும் 97 மில்லிமீட்டராகச் சுருங்கியதால், முன்பு தெரியாமல் கடந்த ஒட்டுப்போட்ட சாலையெல்லாம் இப்போது ஸ்டியரிங்கில் வந்து தட்டியது.

இவற்றைவிட என்னைக் கோபப்படுத்தியது சுமைக் குறியீடு. பழைய டயரில் 91, அதாவது ஒரு டயர் 615 கிலோ தாங்கும். புதியதில் 88, அதாவது 560 கிலோ. "எல்லாம் ஒன்றுதான்" என்றார் கடைக்காரர். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் கர்ரென்று ஒரு சத்தம் வந்ததால் குனிந்து பார்த்தேன். சக்கரக் குழியின் உள்பக்கப் பிளாஸ்டிக் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து பளபளத்தது, ஒரு கிளிப் காணாமல் போயிருந்தது. ஸ்டெப்னியும் பயனற்றுப் போனது: விட்டம் வேறான சக்கரத்தை முன் அச்சில் ஒரு பக்கம் மட்டும் மாட்டினால் நேராக ஓடும்போதும் டிஃபரென்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி) ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும்.

எடைக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஃபோர்ஜ்டு என்று தான் சொல்லவே இல்லை என்றார். பழைய சக்கரங்களைத் திருப்பிக் கேட்டபோது, அவை மறுவாரமே விற்றுவிட்டதாகச் சொன்னார். விலையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி அவற்றை வாங்கி வைக்க அவர் காட்டிய அவசரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசியில் 205/55 ஆர்16 அளவிலேயே பயன்படுத்திய ரிம்கள் நான்கை வேறிடத்தில் வாங்கினேன். ஒவ்வொன்றையும் எடை போட்ட பிறகுதான். வண்டி அந்த மேட்டில் மீண்டும் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. 19 அங்குல ரிம்கள் மூலையில் கிடக்கின்றன. கேட்டு வருபவரிடம் முதலில் 23 கிலோ, 678 மில்லிமீட்டர் என்ற இரண்டு எண்களைச் சொல்கிறேன். இதுவரை வந்த இருவரும் வாங்காமலே போய்விட்டார்கள்.