ஆட்டைக் கண்டால் பாயும் இளநாய்: ஷாக் காலரா, நீளக் கயிறா?

வியாசர்பாடியில் நாய் வளர்ப்பவருக்கு ஆடுகளைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் அவிழ்த்துவிட்டால் தெருத்தெருவாகச் சுற்றி, சுவரொட்டியைப் பசையோடு கிழித்துத் தின்று, பொழுது சாய்ந்ததும் தானாக வீடு திரும்பும் வெள்ளாடுகள் எங்கள் தெருவில் மட்டும் முப்பதுக்கு மேல் இருக்கும். பக்கத்திலேயே ஆடு அறுக்கும் கூடமான புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி. பக்ரீத் நெருங்கிவிட்டால் மூலைக்கு மூலை ஆடு கட்டியிருக்கும்.

எங்கள் வீட்டு நாய் சிட்டு, சிப்பிப்பாறைக் கலப்பு. மூன்று மாதக் குட்டியாக வந்தபோது ஆட்டுக்குட்டியைப் பார்த்து வாலாட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பதாவது மாதம், ஆடியில் கூழ் ஊற்றிய மறுநாள் காலை, எச்சில் இலை மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைப் பார்த்ததும் என் கையிலிருந்த செயினை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். ஒரு குட்டி மிரண்டு சாக்கடை விளிம்பில் விழுந்து முன்னங்கால் ஒடிந்தது. ஆட்டுக்கார அக்கா சண்டை போடவில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, “தம்பி, இன்னொன்னு சினையா இருக்கு. அதைத் துரத்தினா கலைஞ்சிடும்பா” என்றார். அவர் சொன்னது சரி. கடிபடாவிட்டாலும் துரத்தலில் மிரண்டே சினை கலைய வாய்ப்பு உண்டு. ஐந்து மாதச் சுமை, அவருடைய வருமானம். குட்டிக்குக் கட்டுப் போட்ட செலவை நான் கொடுத்தேன். ஆனால் அந்தக் காலைப் பொழுதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சரியில்லை.

அதற்குப் பிறகு நான் யோசித்த, சிலவற்றைச் செய்தும் பார்த்த வழிகளைத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். நான் நீளக் கயிற்றின் பக்கம். அதை மறைக்கப் போவதில்லை.

வீட்டிலேயே கட்டிப் போடுவதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சிப்பிப்பாறை தென்மாவட்டங்களில் முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். கண்ணால் பார்த்து, ஓடிப் பிடிக்கும் நாய். அதை நாள் முழுக்கக் கட்டினால் அவிழ்ந்த அன்றைக்கு இரட்டிப்பாக ஓடும்.

மீஞ்சூரில் இருக்கும் என் மாமா பழைய வழியைச் சொன்னார். கொம்புள்ள கடாவோடு நாயை ஒரு பட்டியில் அடைத்துவிடு, ஒரு முட்டு வாங்கினால் ஆயுசுக்கும் மறக்காது என்றார். அவர் வீட்டு நாய்களுக்கு அது பலித்ததைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை. கொம்பு கண்ணில் பட்டால் நாய்க்குப் பார்வை போய்விடும். திருப்பிக் கடித்தால் கடாவுக்குச் சேதம். எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் நாய் கற்பது கடாவுக்குப் பயப்படத்தான். குட்டி முட்டாது என்பது அதற்குத் தெரியும்.

ட்ரெய்னரிடம் ஒரு மாதம் விட்டுவிடுவது மூன்றாவது வழி. விசாரித்த இடத்தில் நாய் அவர்கள் சொன்னபடி கச்சிதமாக உட்கார்ந்தது, எழுந்தது. ஆனால் அங்கே ஆடு இல்லை. எங்கள் தெருவும் இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இனி ஷாக் காலர். கழுத்துப் பெல்ட்டில் இரண்டு உலோக முனைகள், நம் கையில் ரிமோட். நாய் ஆட்டை நோக்கிப் பாயும் நொடியில் பட்டனை அழுத்தினால் கழுத்தில் மின்அதிர்ச்சி. நண்பர் ஒருவரிடம் வாங்கி மூன்று நாள் போட்டேன். அது வேலை செய்யவில்லை என்று சொன்னால் பொய். முதல் நாளே சிட்டு பாதி ஓட்டத்தில் நின்றாள். அமெரிக்காவில் 2024ல் வெளியான ஓர் ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது. 19 நாய்களை, இயந்திரம் இழுத்து ஓடும் பொய் இரையைத் துரத்தாமல் இருக்கப் பழக்கியதில், அதிர்ச்சி வாங்கிய நாய்கள் சீக்கிரம் நின்றன. தீனி கொடுத்துப் பழக்கிய நாய்கள் அந்தச் சில அமர்வுகளுக்குள் நிற்கவில்லை. இன்னொரு பக்கம், இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகம் 2014ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. கூப்பிட்டால் வராத, ஆடுமாடுகளைத் துரத்தும் பழக்கமுள்ள 63 வீட்டு நாய்களில், ஷாக் காலருக்குத் தனி லாபம் எதுவும் தெரியவில்லை. ஆட்டு மந்தைகள் நிறைந்த வேல்ஸ் நாடு 2010லேயே இந்தக் காலரைத் தடை செய்துவிட்டது என்பதும் எனக்கு யோசனை தந்தது.

நான் அதைக் கழற்றியது ஆய்வைப் படித்து அல்ல. மூன்றாம் நாள் ஆட்டைப் பார்த்து அவள் பாய, நான் அழுத்த, அதே நொடியில் சந்திலிருந்து ஒரு பையன் சைக்கிளில் குறுக்கே வந்தான். வலி எங்கிருந்து வந்தது என்று நாய்க்குத் தெரியாது. அப்போது கண் எதில் இருந்ததோ அதன் தலையில் கட்டிவிடும். அன்றிலிருந்து இரண்டு மாதம் சைக்கிள் மணி கேட்டாலே என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அப்புறம் முனைகள் தோலில் பட வேண்டுமென்றால் பெல்ட்டை இறுக்க வேண்டும். சிப்பிப்பாறைக்கு முடியே குட்டை, நம் ஊரிலோ எப்போதும் புழுக்கம். மூன்று நாளில் கழுத்தில் இரண்டு சிவந்த புள்ளிகள் வந்துவிட்டன.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். எனக்கு முடிவெடுத்துக் கொடுத்தது வேறு ஒன்று: நாய் எப்போதும் என் கையில் இல்லை. காலை ஆறு மணிக்கு அவளைக் கூட்டிப்போவது அம்மா, வயது 68. மாலையில் எட்டாவது படிக்கும் மகன். ராத்திரி மட்டும்தான் நான். ஆடு தெருவில் இருப்பது காலையிலும் மாலையிலும். அப்படியென்றால் வழி எதுவானாலும் அம்மா கையிலும் மகன் கையிலும் வேலை செய்ய வேண்டும். ரிமோட்டைச் சார்ஜ் போட்டு, கையில் தயாராக வைத்து, அரை நொடி தவறாமல் அழுத்துவது அம்மாவால் ஆகாது. மகனிடம் அந்தப் பட்டனைக் கொடுக்க எனக்கு விருப்பமும் இல்லை. சரி, எல்லாரும் பிடிக்கக்கூடியது எது என்று பார்த்தால் கயிறுதான் மிஞ்சியது.

காசிமேட்டில் வலை, கயிறு விற்கும் கடையில் 10 மீட்டர் நூல் கயிறு வாங்கினேன். நைலான் வேண்டாம், நாய் இழுத்தால் உள்ளங்கை தோல் உரிந்துவிடும். நுனியில் வளையம் போடாதீர்கள், எதிலாவது மாட்டிக்கொள்ளும். கயிற்றைக் கழுத்துப் பெல்ட்டில் கட்டக் கூடாது, மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸில்தான் கட்ட வேண்டும். ஓடும் நாய் கயிற்றின் கடைசியில் வெடுக்கென்று நின்றால் கழுத்து தாங்காது.

முதல் இரண்டு வாரம் ஆடே கிடையாது. மொட்டை மாடியில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது, திரும்பினால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வேகவைத்த கோழி ஈரல். அவ்வளவுதான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரெட்டேரிக் கரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே மேயும் மந்தைகளில் சென்னைச் சிவப்புச் செம்மறிகளைப் பார்க்கலாம். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து இனம். முதல் நாள் முப்பது அடி தூரத்தில் நிறுத்தினேன். சிட்டுவின் காது முன்னால் மடங்கியது, ஒரு முன்னங்கால் தூக்கியபடி நின்றது, வால் விறைத்தது. மூக்குக்கு நேரே ஈரலை நீட்டினாலும் அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் புரிந்தது: நாய் தீனியைத் தொடவில்லை என்றால் நாம் ரொம்பக் கிட்டே நிற்கிறோம். பின்னால் போய்க்கொண்டே இருந்தோம். நூறு அடி தாண்டியதும் மூச்சு விட்டு, என்னைப் பார்த்து, ஈரலை வாங்கினாள். எங்கள் பாடம் அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தது. ஆட்டைப் பார்ப்பாள், பேரைச் சொல்வேன், திரும்புவாள், தீனி. மூன்றாவது வாரத்தில் நான் கூப்பிடாமலே ஆட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

கயிறு செய்யும் பெரிய வேலை, துரத்தும் வாய்ப்பையே கொடுக்காமல் இருப்பது. துரத்தலுக்கு நாம் பரிசு கொடுக்க வேண்டியதில்லை, ஓட்டமே நாய்க்குப் பரிசு. ஒரு முறை ஓடவிட்டால் பத்து நாள் பழக்கம் கரைந்துவிடும். அதற்காக ஓட்ட ஆசையை அடக்கியும் வைக்கக் கூடாது. மூங்கில் குச்சியில் பழைய துணியைக் கட்டி, தினமும் மாடியில் பத்து நிமிடம் துரத்தவிடுகிறேன். அதைக் கவ்வி உதறும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்.

நிற்கும் ஆடு வேறு, ஓடும் ஆடு வேறு. நிற்கும் ஆட்டின் பக்கம் பத்தடியில் அமைதியாக வந்தவள், ஓடும் ஆட்டுக்கு மறுபடி நூறு அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டிசம்பர் மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பி, தெருவிலும் தண்ணீர் நின்று, இரண்டு வாரம் வெளியே போகவில்லை. திரும்பப் போனபோது பாதியை மறந்திருந்தாள். தினம் இருபது நிமிடம் இரண்டு வேளை ஒதுக்க முடியாதவர்களுக்கு இந்த வழி ஒத்துவராது.

ஆனால் அம்மா கையில் அது வேலை செய்தது. அம்மா பேரைச் சொல்வதில்லை, “இங்க வாடி” என்பார். ஒரு வாரத்தில் சிட்டு அதற்கும் திரும்பினாள், காரணம் ஈரல் ஒன்றுதான். காலையில் அம்மா இடுப்பில் செருகிய சின்ன டப்பாவோடுதான் இறங்குகிறார். தெருவில் நூல் கயிற்றை மூன்றடியாகச் சுருட்டிப் பிடிக்கக் கற்றுக்கொண்டார்.

என் அனுபவம் ஒரே நாய், ஏழு மாதம். ஏற்கெனவே ஆட்டைக் கடித்து ரத்தம் பார்த்த நாய்க்கோ, நாலைந்து வயதான நாய்க்கோ இது போதும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அப்படிப்பட்ட நாயை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ பக்கத்து கால்நடை மருத்துவரிடமோ முதலில் காட்டுங்கள். சிட்டுவையும் கயிறில்லாமல் ஓடும் ஆட்டின் முன்னால் நான் இன்னும் விட்டுப் பார்க்கவில்லை, விடப்போவதும் இல்லை.

போன வாரம் அக்காவின் ஆடு இரண்டு குட்டி போட்டது. அம்மாவும் சிட்டுவும் எதிர்ச்சாரியில் நின்றார்கள். குட்டி ஒன்று துள்ளியது. சிட்டு பார்த்தாள், கயிறு லேசாக இறுகியது, பிறகு தளர்ந்தது. அம்மா டப்பாவைத் திறந்தார்.